திரும்புகால் பாரம்

கலியமூர்த்தி சிதைக்கு விறகு ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவன் அப்பாவுக்கு இன்னும் உயிர் இருந்தது.

வண்டி சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் ஆள் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை. எதிர் வீட்டில் ஒரு பெண் மழை விட்ட நேரம் பார்த்துத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் தங்கராசு மாட்டை இழுத்துப் பிடித்து, "மொதலாளி, சத்தத்தக் காணுமே" என்றான். கலியமூர்த்தி இறங்கினான். ராத்திரி முழுக்க வண்டியின் முன்கட்டையில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு மரத்துப் போயிருந்தது.

தங்கச்சி சிவகாமு கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். பாய் போட்டு மூடியிருந்த பாரத்தின் பின்பக்கம் கட்டைகளின் முனை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னா இது?"

"கட்டை."

"எதுக்கு?"

அவன் வேட்டியை உதறிக் கட்டினான்.

"அப்பா உசுரோட இருக்காரு. இப்பத்தான் ரெண்டு வாயி கஞ்சி எறங்குச்சி." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரயில்ல வந்திருந்தா நேத்தே வந்திருப்ப. நேத்து நல்லாப் பேசுனாரு அண்ணே. பொழுதுக்கும் ஒன்னத்தான் கேட்டாரு."

வண்டியைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்தச் சந்தில் பார வண்டி திரும்பாது. தங்கராசு முன்னால் தள்ளிப் பார்த்தான், பின்னால் தள்ளிப் பார்த்தான், கடைசியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோனான். வண்டி வாசலிலேயே நின்றது. சன்னலுக்கு நேரே. சன்னலுக்கு உள்ளே கட்டிலில் அப்பா பொன்னுரங்கம் கிடந்தார்.

இப்படி ஒருவன் செய்வானா என்று யாரும் கேட்கலாம். கலியமூர்த்தி செய்தான். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் அவனுக்கு மரக்கிடங்கு இருந்தது. கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளில் வெட்டும் விறகு அவன் கிடங்கில் வந்து குவியும். அதை வாங்கிப் போய்ச் சிதம்பரத்தில் விற்பவன் சிவகாமுவின் புருஷன் சபாநாயகம். கடலூரில் ஒரு ரூபாய்க்குப் போகும் சவுக்கு சிதம்பரத்தில் ஒன்றே முக்காலுக்குப் போனது. அதே மரம், அதே கோடாலி வெட்டியது. முப்பது மைல் தெற்கே போனதும் அதற்கு எங்கிருந்து இந்த மவுசு வந்தது என்று கலியமூர்த்திக்கு வருஷக்கணக்காக வயிறு எரிந்தது. முக்கால் ரூபாயை மச்சினன் சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று நினைத்தான். நினைத்ததோடு நிற்கவில்லை. சிதம்பரத்தில் சிவகாமு பிள்ளைக்குக் காது குத்தியபோது பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஊர் கேட்கச் சொன்னான், தங்கச்சி புருஷன் என்று பார்ப்பதாகவும் இல்லாவிட்டால் இதற்குப் பெயர் கொள்ளை என்றும்.

சபாநாயகம் பேசவில்லை. பேசியவர் பொன்னுரங்கம். பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலத்தில் கப்பல் கடலிலேயே நிற்கும், மரங்களைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அவற்றைத் தெப்பமாகக் கட்டி அலைக்குள் இழுத்து உப்பனாற்றுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய வேலை. அந்த வேலையில் சம்பாதித்ததுதான் கிடங்கு. அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் விக்கிற வெல சரிதான்டா. நீ ஒரு நாளு வண்டியோட வந்து பாரு" என்றார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கூடச் சிரித்தான். கலியமூர்த்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "அப்ப இங்கியே கெட" என்றான்.

அவர் கிடந்தார். இரண்டு வருஷம். மகன் இருக்க மகள் வீட்டில் சாப்பிடுகிறார் என்று முதுநகர் முழுக்கப் பேச்சு. கேட்டவர்களிடம் எல்லாம் கலியமூர்த்தி, கெழவனுக்கு அங்கே சோறு ருசி என்று சொன்னான். அப்பா என்ற சொல்லை அவன் வாய் விட்டுவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு நாள் வாய் இன்னும் நீண்டது. கெழவன் செத்தால் அந்தக் கொள்ளைக்காரன் கடைக் கட்டையில் வேக விடமாட்டேன், நான் கொண்டுபோகிற கட்டையில்தான் வேக வேண்டும் என்றான். அந்தப் பேச்சு கரியில் ஓடிய அடுத்த பஸ்ஸிலேயே சிதம்பரம் போய்ச் சேர்ந்தது.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு நிலக்கரி கிடைக்காமல் விறகு போட்டு ஓட்டினார்கள். சரக்கு ரயிலில் ஊர்ச்சரக்குக்கு இடமில்லை. சிதம்பரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வயல். விறகுக்கு மரம் கிடையாது. விறகுக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. சபாநாயகம் கடை ஒன்றில்தான் கட்டை இருந்தது. ஆகையால் அப்பா சாகக் கிடக்கிறார், தாங்காது என்று சேதி வந்தபோது கலியமூர்த்தி ரயிலடிக்கு ஓடவில்லை. கிடங்குக்குப் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் மச்சினன் கடையில் போய்க் கை நீட்ட வேண்டும். நீட்டினால் அவன் காசு வாங்க மாட்டான், சும்மாவே கொடுப்பான். அதைவிடக் கேவலம் வேறில்லை.

கிடங்கில் நல்ல சவுக்கு எல்லாம் ரயிலுக்கு என்று முத்திரை குத்திக் கிடந்தது, தொட முடியாது. மூலையில் தேக்குத் துண்டுகள் இருந்தன. பர்மா ஜப்பான்காரனிடம் விழுவதற்கு முன் வந்து உப்பனாற்றுச் சேற்றிலேயே கிடந்த மரங்களைப் போன வருஷம் இழுத்துப்போட்டு அறுத்தபோது மிஞ்சிய மேல்பட்டைகளும் அடித்துண்டுகளும். பார்த்ததும் மனசு துள்ளியது. தேக்கு! சிதம்பரத்தில் எவன் அப்பன் தேக்கில் வெந்தான்? மச்சினன் கண்ணெதிரே அடுக்கிக் காட்ட வேண்டும். தூக்கிப் பார்த்தான், காய்ந்துதான் இருந்தது. ஏற்றச் சொன்னான்.

வழி அவன் நினைத்ததுபோல் இல்லை.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மழை பிடித்தது. மாட்டுக்குப் புண்ணாக்கு என்று தங்கராசு ஒரு கடையில் நிறுத்தினான். மறுபடி லாடம் கழன்றது என்று ஒரு பட்டறையில் நிறுத்தினான். புவனகிரிக்கு முன்னால் மழை சாலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. பாரத்தோடு வண்டி இறங்கினால் ஏறாது. பக்கத்து ஊரில் ஆள் பிடித்து, கட்டைகளை இறக்கித் தலைச்சுமையாக அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இருட்டில் அவர்கள் சொன்னதுதான் கூலி. ஏற்றி முடித்துப் பார்த்தால் பாரம் குறைந்திருந்தது. கேட்டதற்கு, கட்டை கணக்கு எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கலியமூர்த்தி மடியை அவிழ்த்தான். ஒவ்வொரு முறையும் விறகின் விலை ஒரு படி ஏறுவது அவனுக்குத் தெரிந்தது. யாவாரிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் அதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளாற்றங்கரைச் சாவடியில் மூங்கில் குறுக்கே கிடந்தது. தாலுகா விட்டுத் தாலுகா நெல்லோ அரிசியோ போகக்கூடாது என்று உத்தரவு. சாவடிக்காரர் அரிக்கேன் விளக்கோடு வந்து பாரத்தைச் சுற்றினார்.

"எங்க போவுது?"

"சிதம்பரம். ஊட்டுல ஒரு சாவு."

"யாரு?"

"பெரியவரு."

"எப்பச் செத்தாரு?"

கலியமூர்த்தி ஒரு கணம் தயங்கினான். "நேத்து" என்றான்.

சாவடிக்காரர் மூங்கிலைத் தூக்கிவிட்டார். தங்கராசு திரும்பி மொதலாளியைப் பார்த்தான். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டான்.

அந்த விறகுதான் இப்போது வாசலில் நின்றது.

சற்று நேரத்தில் தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் அமராவதி என்ற பக்கத்து வீட்டுக்காரி கூடையோடு வந்தாள். பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கட்டை என்ன விலை என்று தங்கராசுவைக் கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றான். விற்பனைக்கு இல்லாமல் விறகு வண்டி எதற்கு நிற்கும் என்று அவள் கேட்டாள். அதற்குள் இன்னும் நாலைந்து பேர். ஒருத்தி சபாநாயகம் கடை விலைக்கு மேலே கால் ரூபாய் போட்டுத் தருவதாகச் சொன்னாள். அவள் வீட்டில் ரெண்டு நாளாகப் பச்சை முள்ளை வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார்களாம். தங்கராசு எதற்கு வந்த கட்டை என்று சொல்ல முடியாமல் தலையைச் சொறிந்தான். சன்னல் வழியாக எல்லாம் உள்ளே கேட்டது.

"வெல கேக்குறாங்களா?" என்றார் பொன்னுரங்கம்.

கலியமூர்த்தி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் பாதியாகியிருந்தார். கை மட்டும் பழைய கை. கயிறு அறுத்த தழும்புகளோடு போர்வைக்கு வெளியே கிடந்தது. ஒரு பக்க வாய் கோணிப் பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது.

"ஆமா" என்றான்.

அவர் தலையைத் திருப்பிச் சன்னல் வழியாகப் பார்த்தார். அந்தக் கண் வண்டியை விட்டு நகரவில்லை. எதற்கு வந்த வண்டி என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கலியமூர்த்தி ஒரு வசவுக்காகக் காத்திருந்தான். வசவு வந்தால் பதில் தயாராக இருந்தது.

"தேக்கா?"

"தேக்குதான்."

"ஆத்துல கெடந்ததா?"

"காஞ்ச கட்டை" என்றான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவன் நகர்ந்தபோது வாய் அசைந்தது. குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"வண்டி திரும்புகால்ல சும்மாவா போவுது?"

கலியமூர்த்தி நிமிர்ந்தான். முகம் சூடேறியது. சாகிற நேரத்திலும் யாவாரம். அதுவும் மச்சினன் யாவாரம், மச்சினன் பேசுகிற பேச்சு. வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பினால் போக வர ரெண்டு கூலியும் வந்த சரக்கின் தலையில் விழும், அதனால்தான் விலை ஏறுகிறது என்று சபாநாயகம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அதையே இவர் இப்போது குத்திக்காட்டுகிறார். அவன் வெளியே வந்துவிட்டான்.

வாசலில் சபாநாயகம் நின்றிருந்தான். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். தோளில் துண்டு, விரல் இடுக்கில் எரியாத சுருட்டு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்துச் சேற்றையும் மாட்டின் புது லாடத்தையும் பார்த்தான். விறகை மட்டும் பார்க்கவில்லை.

"புவனகிரில ரோடு ஒடைஞ்சிருக்குமே" என்றான்.

"ம்."

"எறக்கி ஏத்துனீங்களா?"

"ம்."

"வண்டிக் கூலியெல்லாம் சேத்து என்னா அடங்கிச்சி மச்சான்?"

கலியமூர்த்திக்கு அது துல்லியமாகத் தெரியும். விடிகாலையில் ஊருக்குள் நுழையும்போதே கணக்குப் போட்டுவிட்டான். ஒன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. "ஒனக்கு எதுக்கு அது?" என்றான். "ஒன் கடைக் கட்டைக்கு நான் வரல. அத மட்டும் தெரிஞ்சிக்க மாப்ள."

"வர வேணாம்" என்றான் சபாநாயகம். "சும்மா கேட்டேன்."

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் சிவகாமு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. முகம் சன்னல் பக்கமே திரும்பியிருந்தது. சிவகாமு வாயைத் துணியால் துடைத்து, தாடையைச் சேர்த்துக் கட்டினாள். அண்ணனைப் பார்த்து, "இப்ப எறக்கு ஒன் கட்டைய" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அதற்கப்புறம் ஆக வேண்டியவை ஆயின. பெஞ்சு வந்தது, பறை வந்தது. மழை வரும் முன்னே எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். காலையில் விலை கேட்ட பெண்கள் இப்போது மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமராவதி வண்டியைக் கடந்து உள்ளே போகும்போது பாயின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டதைக் கலியமூர்த்தி பார்த்தான். கூட்டத்தில் யாரோ, கடலூரிலிருந்து தேக்கு வந்திருக்கிறதாம் என்று மெதுவாகச் சொன்னார்கள். கேட்டதும் அவனுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் ஓடியது.

சுடுகாட்டில் பழனிவேல் அடுக்கினான். தலைமுறையாக அந்தச் சுடுகாட்டு வேலை அவன் குடும்பத்துடையது. தேக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் ஏதோ சொல்ல வந்தான். கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கருவேல மரத்தடியில் இன்னொரு வண்டி நின்றது. சவுக்குக் கட்டை, மேலே தார்ப்பாய். யார் வண்டி என்று கேட்க வேண்டியதில்லை. அதைக் கூப்பிட்டவர் யாருமில்லை. அது தானாக வந்து நின்றது. கலியமூர்த்தி அதற்கு முதுகைக் காட்டி நின்றான்.

குடம் உடைத்தான். கொள்ளியை வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். குளத்தைப் பார்த்து நடந்தான். பத்தடி போயிருப்பான், பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய, இழுத்த சீறல். மரக்கிடங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். கட்டைக்குள் தண்ணீர் கொதித்து முனை வழியாக நுரை தள்ளுகிற சத்தம்.

உப்பு. அவனுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஆற்று உப்பு ஊறிய மரம் வெயிலில் காய்ந்த மாதிரி காட்டும். மழைக்காலத்துக் காற்று பட்டால் போதும், உப்பு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க மழையில் வந்திருக்கிறது, பாய் என்ன செய்யும்? கிடங்குக்காரன் எவனும் செய்யாத தப்பு. ஆற்றில் கிடந்ததா என்று அவர் கேட்டார். கேட்டபோது அவன் வேறு எதையோ சொன்னான்.

நின்றான். திரும்பக்கூடாது. எதிரே குளக்கரையிலிருந்து சபாநாயகம் வந்துகொண்டிருந்தான். அவன் முகம் சிதையைப் பார்த்திருந்தது. கலியமூர்த்தி அந்த முகத்தைப் பார்த்தான்.

"புடிச்சிச்சா?"

"இல்ல" என்றான் சபாநாயகம்.

பின்னாலிருந்து பழனிவேல் குரல் கொடுத்தான். "வைக்கோலு மட்டும் எரிஞ்சி அவிஞ்சி போச்சிங்க. கட்டையில தீ நிக்க மாட்டேங்குது. ஓரத்துல நீலமா எரியுது, இன்னா கட்டையோ தெரியல."

ஜனம் முணுமுணுத்தது. பாதி எரிந்த பிணத்தைப் போட்டுவிட்டுப் போனான் என்ற பேச்சோடு முதுநகரிலும் தலை காட்ட முடியாது, சிதம்பரத்திலும் முடியாது. மேற்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சபாநாயகம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கலியமூர்த்தி அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பான். சபாநாயகம் சுருட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். காத்திருந்தான்.

"ஒங் கட்டை என்னா வெல?" என்றான் கலியமூர்த்தி.

"சிதம்பரம் வெல."

"கொறைக்க மாட்ட?"

"மாட்டேன்."

கலியமூர்த்தி தலையை ஆட்டினான்.

"சரி. போடச் சொல்லு. அடுத்த லோடுல கழிச்சிக்க."

சபாநாயகம் கையைத் தூக்கிக் காட்டினான். கருவேல மரத்தடியில் தார்ப்பாய் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கட்டைமேல் கட்டை விழும் சத்தம். சற்றுக் கழித்து, காய்ந்த சவுக்கு படபடவென்று வெடித்தது. முதுகில் அனல் பட்டது. அப்போதுதான் கலியமூர்த்தி குளத்துக்கு நடந்தான். தலை முழுகி எழுந்து வெகு நேரம் தண்ணீரிலேயே நின்றான். கரையில் சபாநாயகம் ஈர வேட்டியைப் பிழிந்தான்.

மறுநாள் காலை பால் தெளித்தார்கள். சவுக்கு முழுக்கச் சாம்பலாகியிருந்தது. தேக்குத் துண்டுகள் சில கரிக்கட்டையாக ஓரத்தில் கிடந்தன. பழனிவேல் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு எலும்பு பொறுக்கிக் கொடுத்தான். புதுப் பானையில் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினார்கள்.

வீட்டில் சிவகாமு காப்பி கொண்டுவந்து வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

"கடலூர்லதான் கரைக்கணும்னாரு. ஆறு கடல்ல சேர்ற எடத்துல" என்றாள். "ஒங்கிட்ட சொல்லணும்னு பொழுதுக்கும் வாசலயே பாத்துகினு இருந்தாரு. முந்தாநாளு."

கலியமூர்த்தி காப்பியைக் குடிக்காமல் எழுந்தான். வாசலில் தங்கராசு மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். வண்டி வெறுமையாக நின்றது. அடிப்பலகையில் தேக்குச் சிராய்கள் ஒட்டியிருந்தன. அவன் அந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டே, திரும்புகாலில் வண்டி சும்மாவா போகிறது என்று அவர் கடைசியாகக் கேட்டதை நினைத்து நின்றான். தங்கராசு, போலாமா மொதலாளி என்று இரண்டு தடவை கேட்டான்.

"இரு" என்றான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சபாநாயகத்தைப் பார்க்காமல், "இங்க வைக்கோலு என்னா வெல?" என்று கேட்டான்.

சபாநாயகம் விலையைச் சொன்னான். காட்டுமன்னார்கோயில் பக்கம் குறுவை அறுப்பு முடிந்து வைக்கோல் இங்கே போர் போராக வந்து கிடக்கிறது, மாடு கூட மதிக்காது என்றான். கடலூரில் அது ரெட்டிப்புக்குப் போகும் என்றான்.

"ரெட்டிப்புக்குத்தான் விப்பேன்."

"வித்துக்குங்க. கொள்ளைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

கலியமூர்த்தி அவனை நிமிர்ந்து பார்த்தான். சபாநாயகம் சிரிக்கவில்லை. சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடப் போனான். அரை மணியில் வண்டியில் வைக்கோல் கூரைபோல ஏறி நின்றது. பானையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. மடியில் வைத்தால் சாலை உடைந்த இடத்தில் வண்டி தூக்கிப்போடும், நழுவினால் போச்சு. தங்கராசு முன்பக்கம் வைக்கோலைக் குடைந்து ஒரு குழி செய்தான். கலியமூர்த்தி பானையை அதற்குள் இறக்கி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, மேலேயும் ஒரு கத்தை போட்டு மூடினான். முட்டுக் கொடுத்த மாதிரி அசையாமல் நின்றது. சிவகாமு வாசலுக்கு வந்து பார்த்தாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. சொல்லும் வழக்கம் இருந்திருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்று தெரியாது.

வெள்ளாற்றுச் சாவடியில் அதே ஆள் இருந்தார். பகலில் இன்னும் கடுமையாகத் தெரிந்தார். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி. வைக்கோல் பாரத்துக்குள் அரிசி மூட்டை ஒளித்துக் கடத்துகிறார்கள் என்பதால் அந்தக் கம்பி. குத்தி இழுத்தால் முனையில் அரிசி ஒட்டி வரும்.

"நீதான அன்னிக்கி வெறகோட போனவன்?"

"ஆமாங்க."

"சாவுன்ன. இப்ப வைக்கோலோட வர்ற. நல்ல யாவாரம்தான்." அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "அப்பன் செத்தான் ஆயி செத்தான்னு எத்தினி பேரு சொல்லிட்டுப் போயிட்டான் தெரியுமா? போன வாரம் ஒருத்தன், பாடையிலயே அரிசி. எறங்கு."

இறங்கினான். சாவடிக்காரர் பின்பக்கம் கம்பியைச் செருகினார். இழுத்து முனையைப் பார்த்தார். வெறும் தூசி. நடுவில் செருகினார். அதிலும் ஒன்றுமில்லை. முகம் சுளித்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். புதிதாகத் திணித்திருந்த கத்தை அவர் கண்ணில் பட்டது.

"இங்க என்னா புதுசா அமுக்கியிருக்கு?"

கம்பியை ஓங்கினார். கலியமூர்த்தியின் கை அதற்கு முன்னால் போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டான். சாவடிக்காரர் உதறினார், அவன் விடவில்லை.

"அங்க போடாதீங்க" என்றான். "எங்கப்பா இருக்காரு."

சாவடிக்காரர் அவனைப் பார்த்தார். தங்கராசு இறங்கி வந்து வைக்கோல் கத்தையை ஒதுக்கிக் காட்டினான். பானையின் வாயில் கட்டிய வெள்ளைத் துணி தெரிந்தது. சாவடிக்காரர் கம்பியை மெதுவாகக் கலியமூர்த்தியின் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு போய்க் குடிசைச் சுவரில் சாய்த்தார். மூங்கிலைத் தூக்கினார்.

கலியமூர்த்தி பானையை வெளியே எடுத்தான். தங்கராசு, ரோடு மோசமாச்சே மொதலாளி என்றான். கலியமூர்த்தி முன்கட்டையில் ஏறிப் பானையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். மாடு நகர்ந்தது. துணியில் வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சாலை சமமாக இருந்த இடங்களில் ஒரு கையை விட்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தான்.